பனி டயரா, மழை டயரா? மலையக வியாபாரிக்கு இரண்டாம் சில்லுத் தொகுதி தேவையா?

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு வாகனச் செலவு என்பது கடை வாடகையைப் போல, ஊழியர் சம்பளத்தைப் போல நிரந்தரச் செலவு. ஆனால் டீசலுக்கு நாள்தோறும் கணக்கு எழுதும் முதலாளிமாரில் பலர் டயருக்குக் கணக்கு எழுதுவதில்லை. டயர் வெடித்த பிறகு அல்லது தேய்ந்து கம்பி தெரிந்த பிறகுதான் கடைக்கு ஓடுகிறார்கள். அந்த அவசரத்தில் விற்பவர் சொல்வதே வேதவாக்காகிவிடுகிறது.

அண்மைக் காலத்தில் இந்த விடயத்தில் ஒரு புதிய கேள்வி சேர்ந்துள்ளது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதை அடுத்து ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கின. அவற்றில் சில, பனி பெய்யும் பிரதேசங்களில் ஓடியவை. அதனால் குளிர்கால டயரோடு வந்து இறங்குகின்றன. பாவித்த ஜப்பான் டயர் விற்கும் இடங்களிலும் இந்த டயர் கிடைக்கிறது. "நுவரெலியாப் பனிக்கு இதுதான் சேர், பள்ளமும் நிறைய இருக்கிறது" என்று சொல்லி விற்கிறார்கள். கனடாவில் உள்ள உறவினரோ, "நாங்கள் குளிர்காலத்துக்கு வேறு நான்கு சில்லு வைத்திருக்கிறோம், மாற்றிக்கொள்வோம்" என்கிறார். அப்படியானால் நாமும் இரண்டாவதாக ஒரு சில்லுத் தொகுதி வாங்கி வைக்க வேண்டுமா? வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இந்த வாரம் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

குளிர்கால டயர் என்றால் என்ன?

குளிர்கால டயர் ஐரோப்பாவின் வட கோடியில் பிறந்த பொருள். பின்லாந்தில் இன்று நோக்கியன் என்று அழைக்கப்படும் டயர் கம்பனி 1934 இல் லொறிகளுக்காக முதலாவது குளிர்கால டயரைச் செய்தது. பிற்காலத்தில் பனிக்கட்டியைக் கவ்விப் பிடிப்பதற்காக டயரில் உலோக ஆணிகள் பதித்தார்கள். ஜப்பானில் இந்த ஆணிகள் தார்ப் பாதையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி நகரங்களில் சுகாதாரப் பிரச்சினையாக மாறியது. எனவே 1990 இல் சட்டம் இயற்றி ஆணி டயர்களைக் கட்டுப்படுத்தினார்கள். அவற்றின் இடத்தைப் பிடித்ததுதான் ஆணியில்லாத 'ஸ்டட்லெஸ்' டயர். நமது துறைமுகத்தில் வந்திறங்கும் வாகனங்களில் இருப்பது இதுதான்.

இதன் தன்மைகள் இரண்டு. முதலாவது, இறப்பர் மிக மென்மையானது. சாதாரண டயரின் இறப்பர் கடும் குளிரில் விறைத்துப் போகும். அப்போது பாதையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் இறப்பர் விறைக்காமல் இருக்கும்படி கலக்கப்பட்டது. இரண்டாவது, டயரின் மேற்பரப்பில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கும்.

இந்த டயருக்கு ஒரு பொது விதி உண்டு. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும் காலத்துக்குத்தான் இது பொருந்தும். அதனால்தான் குளிர் நாட்டுக்காரர் வருடத்தில் இரு தடவை டயர் மாற்றுகிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இது 2008 முதல் சட்டமாகவே உள்ளது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். நம்மவர் அதிகம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டாயமில்லை. ஆனால் குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2016 முதல் உள்ளது.

வருடத்தில் இரு தடவை டயரை ரிம்மிலிருந்து கழற்றிப் பூட்டினால் கூலியும் கூடும், டயரின் விளிம்பும் பழுதாகும். எனவே அவர்கள் குளிர்கால டயரைத் தனியாக நான்கு ரிம்களில் பூட்டியே வைத்துக்கொள்கிறார்கள். பருவம் மாறும்போது நட்டைக் கழற்றிச் சில்லோடு மாற்றிவிடுவார்கள். இரண்டாம் சில்லுத் தொகுதி என்பது இதுதான்.

நுவரெலியாக் குளிருக்கு இது பொருந்துமா?

பொருந்தாது. தமிழில் மூடுபனி, உறைபனி, வெண்பனி எல்லாவற்றையும் 'பனி' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். விற்பவருக்கு அது வசதியாகப் போய்விட்டது. நுவரெலியாவில் வாகனத்தை மறைப்பது மூடுபனி. அதற்கு வேண்டியது நல்ல விளக்கும் குறைந்த வேகமும். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லிலும் உருளைக்கிழங்குச் செடியிலும் தேயிலைக் கொழுந்திலும் உறைபனி படிந்து கருகுவது உண்மை. ஆனால் சில்லு வழுக்கும் அளவுக்குப் பாதையில் பனிக்கட்டி படிவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் நகரின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. 7 பாகைக்குக் கீழே போவது சில அதிகாலைகளில் மட்டுமே. வெயில் வந்ததும் ஏறிவிடும்.

அதைவிட முக்கியமானது, நமது வாகனம் நுவரெலியாவிலேயே நிற்பதில்லை. அதிகாலையில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு புறப்படும் லொறி சில மணி நேரத்தில் கித்துல்கலையைத் தாண்டி யட்டியாந்தோட்டை, அவிசாவளை வெக்கைக்குள் இறங்கிவிடும். மென்மையான இறப்பர் அந்தச் சூட்டில், அந்தப் பாரத்தில், அந்த வளைவுகளில் வேகமாகத் தேயும். வளைவில் சில்லு நெளிவது போல இருக்கும். நனைந்த தார்ப் பாதையில் பிரேக் பிடித்தால் சாதாரண டயரைவிடத் தூரம் கூடுதலாகப் போய்த்தான் நிற்கும். ஜப்பானிலேயே பனிக்காலம் முடிந்த பின் இந்த டயரில் தொடர்ந்து ஓட வேண்டாம் என்று அந்நாட்டு வாகனச் சம்மேளனம் எச்சரிக்கிறது.

எனவே ரீகண்டிஷன் வாகனம் எடுத்தவர்கள் முதலில் டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். 'ஸ்டட்லெஸ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தாலோ, மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தாலோ அது குளிர்கால டயர். கைவிரலால் அமுக்கினாலே மென்மை தெரியும். 'எம்' 'எஸ்' என்ற இரு எழுத்துகள் மட்டும் இருந்தால் அது சேறும் பனியும் என்ற பொதுக் குறிப்பு. அதை மட்டும் வைத்துக் குளிர்கால டயர் என்று முடிவு செய்ய முடியாது. பள்ளம் புதிது போல இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். டயரைக் கழற்றிவிட்டு ரிம்மை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரிம்முக்குப் பயன் உண்டு.

நமது பருவம் மழை

நமக்குக் குளிர்காலம் இல்லை. மழைக்காலம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கிறது. வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை வலப்பனை, ராகலை, வெலிமடைப் பக்கம். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை. அதாவது மலையகத்தில் முழுமையாக நம்பக்கூடிய வறண்ட மாதம் என்று ஒன்று இல்லை.

அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக வரும் ஏ7 பாதையிலும், பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவ, இறம்பொடை வழியாக ஏறும் ஏ5 பாதையிலும் வாகனம் 30, 40 கிலோமீற்றர் வேகத்தில்தான் போகிறது. அதிவேகப் பாதையில் போல தண்ணீரின் மேல் சில்லு மிதக்கும் ஆபத்து இங்கே குறைவு. நமது ஆபத்து வேறு. மரக்கறி லொறிகள் சிந்திய தண்ணீர், மேட்டிலிருந்து வழிந்த செம்மண், நிழலில் படிந்த பாசி, டீசல் எண்ணெய் எல்லாம் சேர்ந்து தார்மீது மெல்லிய படலமாகக் கிடக்கும். இறக்கத்தில், பாரத்தோடு, கொண்டை ஊசி வளைவில் அந்தப் படலத்தை வெட்டித் தாரைப் பிடிப்பது டயரின் பள்ளமும் இறப்பரின் தரமும்தான்.

2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் ஏழு பேர் பலியானார்கள். 2025 மே 11 இல் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இவற்றுக்கு டயர்தான் காரணம் என்று நாம் கூற வரவில்லை. இந்தப் பாதைகள் சிறு பிழையையும் பொறுப்பதில்லை என்பதற்காகவே நினைவூட்டுகிறோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது மண்சரிவால் மலையகப் பாதைகள் பல அடைபட்டன, சில உடைந்தன. வழமையான பாதை மூடப்பட்டால் தோட்டப் பாதை வழியாகச் சுற்றிப் போக நேரும் என்பதையும் அந்த நாட்கள் காட்டின.

இரண்டாம் தொகுதி யாருக்கு இலாபம்?

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். இரண்டு தொகுதி வைத்தால் டயர்ச் செலவு இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒன்று ஓடும்போது மற்றது தேய்வதில்லை. ஆனால் ஓடாமல் இருந்தாலும் இறப்பருக்கு வயது ஏறும். கணக்கின் சூட்சுமம் இங்கேதான் உள்ளது.

கணக்குக்காக ஒரு டயர் 40,000 ரூபா, அதன் ஆயுள் 50,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்கு 160,000 ரூபா. கிலோமீற்றருக்கு 3 ரூபா 20 சதம்.

முதலாமவர் வருடத்துக்கு 25,000 கிலோமீற்றர் ஓடுகிறார். ஒரு தொகுதி இரண்டு வருடம் வரும். இரண்டு தொகுதி வைத்தால் நான்கு வருடம் வரும். கிலோமீற்றருக்கான செலவு மாறவில்லை. அவருக்குக் கூடுதலாகப் போவது ரிம்மின் விலையும், முன்கூட்டியே முடங்கும் 160,000 ரூபா முதலும்தான்.

இரண்டாமவர் கடைக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்குமாக வருடத்துக்கு 8,000 கிலோமீற்றர்தான் ஓடுகிறார். அவருக்கு ஒரு தொகுதியே ஆறு வருடத்துக்கு மேல் வரும். இரண்டு தொகுதி தேய்ந்து முடியப் பன்னிரண்டரை வருடம் வேண்டும். ஆனால் தயாரித்து 10 வருடம் ஆன டயரை, பள்ளம் இருந்தாலும், கழற்றிவிட வேண்டும் என்பது பெரிய டயர் கம்பனிகளின் அறிவுரை. ஐந்து வருடம் கடந்தால் வருடாவருடம் பரிசோதிக்கவும் சொல்கிறார்கள். எனவே பத்து வருடத்தில் அவர் ஓடியிருப்பது 80,000 கிலோமீற்றர். மீதி 20,000 கிலோமீற்றர் ஓடக்கூடிய டயர், அதாவது 64,000 ரூபா, வீணாகத் தூக்கியெறியப்படும். அவருக்கு இரண்டாம் தொகுதி நட்டம்.

அப்படியானால் யாருக்குப் பொருந்தும்? மூன்று வகையினருக்கு.

ஒன்று, இரண்டு வேறு பாதைகளில் ஓடுபவர். ஏப்ரல் வசந்தகாலத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றி ஓடும் வேன், மழைக்காலத்தில் மாவும் சீனியும் ஏற்றித் தோட்டத்து லயங்களுக்குப் போகிறது என்றால் அதற்கு இரண்டு விதமான டயர் தேவைப்படலாம். கல்லும் சேறுமான தோட்டப் பாதைக்குக் கட்டம் கட்டமாக ஆழமாக வெட்டிய, பக்கச் சுவர் தடித்த டயர் நல்லது. ஆனால் அது நனைந்த தாரில் தொடும் இறப்பர் குறைவு. சத்தமும் கூட, பிரேக் தூரமும் கூட. வருடம் முழுவதும் அதையே போட்டுக் கொழும்புக்கு ஓடுவது நல்லதல்ல.

இரண்டு, வருடத்துக்கு 20,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, ஒரு நாள் வாகனம் நின்றாலும் சரக்கு அழுகும் நிலையில் உள்ள மரக்கறி, மீன், பேக்கரி வியாபாரி. அவருக்குப் பூட்டித் தயாராக உள்ள சில்லு, நேரத்தைக் காப்பாற்றும்.

மூன்று, ரீகண்டிஷன் வாகனத்தோடு பொருத்தமான ரிம் தொகுதி ஏற்கெனவே கையில் உள்ளவர்.

மற்றவர்களுக்கு எமது ஆலோசனை எளிது. நல்ல தரமான ஒரே தொகுதி. அதை 3 மில்லிமீற்றரில் மாற்றுங்கள். கூடவே முழு அளவான, உயிருள்ள ஒரு ஸ்பெயார் வீல். ரிம்முக்குப் போடவிருந்த பணத்தை அதற்குப் போடுங்கள்.

ரிம் வாங்கும்போது ஐந்து அளவுகள்

இரண்டாம் தொகுதி எடுக்கத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் பாவித்த ரிம்மைத்தான் தேடுவார்கள். "15 அங்குலம்தானே, போகும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஐந்து அளவுகள் பொருந்த வேண்டும்.

1. நட் துளைகளும் அவற்றின் வட்டமும். துளைகள் எத்தனை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பதை பி.சி.டி. என்பார்கள். 200 தொடர் டொயோட்டா ஹயேஸ் வேனுக்கு ஆறு துளை, 139.7 மில்லிமீற்றர். சுசுகி எவ்ரிக்கு நான்கு துளை, 100 மில்லிமீற்றர். ஐந்து துளை ரிம்களில் 114.3 உம் 112 உம் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பலவந்தமாகப் பூட்டினால் நட் நேராக உட்காராது.

2. நடுத் துளை. சில்லின் நடுத் துளை வாகனத்தின் ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். டொயோட்டா அக்சியோவும் ஹொண்டா பிட்டும் இரண்டுமே நான்கு துளை, 100 மில்லிமீற்றர்தான். ஆனால் நடுத் துளை டொயோட்டாவுக்கு 54.1, ஹொண்டாவுக்கு 56.1. எனவே டொயோட்டா ரிம் ஹொண்டாவில் ஏறாது. ஹொண்டா ரிம் டொயோட்டாவில் ஏறும், ஆனால் நடுவில் ஆடும். இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும்.

3. உட்பதிவு. ரிம்மின் பூட்டும் முகம் அதன் மையக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. ரிம்மில் 'ஈ.டி.' என்று எழுதி மில்லிமீற்றரில் எண் இருக்கும். ஹயேஸ் வேனின் தொழிற்சாலை ரிம் 35. இது பெரிதாக மாறினால் சில்லு உள்ளே சென்று சஸ்பென்ஷனில் உரசும், அல்லது வெளியே வந்து மட்காட்டில் உரசும். சமதரையில் பார்த்தால் தெரியாது. பாரம் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். நமது வளைவுகளில் அது தினமும் நடப்பதுதான்.

4. அகலமும் மொத்த உயரமும். இரண்டு தொகுதியின் டயர்களும் தரையிலிருந்து ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமானியும் ஓட்டக் கணக்கும் பிழைக்கும். ஏ.பி.எஸ். உள்ள வாகனத்தில் அதுவும் குழம்பலாம். சிறிய ரிம்முக்கு இறங்கினால் டயர் மலியும், பக்கச் சுவர் தடிக்கும், குழியில் ரிம் வளைவது குறையும். அந்த யோசனை நல்லதுதான். ஆனால் பிரேக் கலிப்பர் ரிம்மில் படாமல் இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

5. தாங்கும் பாரம். வியாபாரி அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஹயேஸ் வேனின் டயரில் 195/80 ஆர் 15, 107/105 என்று இருக்கும். 107 என்றால் தனிச் சில்லாக 975 கிலோ தாங்கும். 105 என்றால் இரட்டைச் சில்லாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 925 கிலோ. ஒரு காரின் டயரில் 195/65 ஆர் 15, 91 என்று இருக்கும். அதுவும் 195 தான், அதுவும் 15 தான். ஆனால் 91 என்றால் 615 கிலோ மட்டுமே. கார் டயரைச் சரக்கு வேனுக்குப் போட்டால் ஒவ்வொரு சில்லிலும் 360 கிலோ குறைவு. ரிம்முக்கும் இதே போல பார எல்லை உண்டு. கார் ரிம் அழகாக இருந்தாலும் சரக்கு வேனுக்கு ஆகாது.

இவற்றோடு நட்டையும் கவனியுங்கள். ஹொண்டாவின் தொழிற்சாலை நட்டின் இருக்கை உருண்டை. வேறு பல ரிம்களுக்குக் கூம்பு வடிவம். வடிவம் மாறினால் இறுக்கியது போல இருந்தும் கழன்றுவிடும். பழைய ஜப்பான் லொறிகள் சிலவற்றில் இடப் பக்கச் சில்லின் மரை எதிர்ப் பக்கம் சுற்றும். இதைத் தெரியாத புதிய பையன் கராஜில் ஸ்டட்டையே முறித்துவிடுவான்.

அலோய் ரிம்மா, இரும்பு ரிம்மா? தோட்டப் பாதைக்கு இரும்பே போதும். குழியில் விழுந்தால் இரும்பு வளையும், நிமிர்த்தலாம். அலோய் வெடிக்கும். வெடித்து ஒட்டிய அலோய் ரிம்மை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். பாவித்த இரும்பு ரிம்மை வாங்கும்போது பலன்சிங் இயந்திரத்தில் சுற்றிப் பார்த்து, நட் துளைகளைச் சுற்றி வெடிப்பும் ஆழமான துருவும் இல்லை என்று உறுதி செய்த பின்னரே பணம் கொடுங்கள்.

டயரில் எதைப் பார்ப்பது?

வயதை முதலில் பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. 2020 இல் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது கிடைத்ததை வாங்கும் பழக்கம் ஏற்பட்டது. அந்தப் பழக்கம் இனித் தேவையில்லை. எண் இல்லாத, எண்ணைச் சுரண்டிய டயரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பள்ளத்தின் ஆழம். புதிய டயரில் 8 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். டயர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஐரோப்பிய நாடுகளில் கார்களுக்கு அதுவே சட்ட எல்லை. ஆனால் மழையில் பிடிமானம் அதற்கு முன்பே வெகுவாகக் குறைந்துவிடும். எனவே மலைப் பாதைக்கு 3 மில்லிமீற்றரை எல்லையாக வையுங்கள். இதனால் நட்டம் எவ்வளவு? பாவிக்கக்கூடிய 6.4 மில்லிமீற்றரில் 1.4 ஐ விடுகிறீர்கள். மேலே சொன்ன 160,000 ரூபாக் கணக்கில் அது 35,000 ரூபா. ஒரு லோடு மரக்கறி பள்ளத்தில் போனால் போவதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாரதியின் உயிருக்கு விலை போட முடியாது.

ரீபில்ட் டயரை நாம் குறை சொல்லவில்லை. லொறித் தொழில் அதனால்தான் கட்டுப்படியாகிறது. நல்ல உடல் உள்ள டயரை, முறையான இடத்தில் ரீபில்ட் செய்து, பின் சில்லுகளுக்குப் பாவிக்கலாம். முன் சில்லுக்கு வேண்டாம். இறக்கத்தில் முன் டயர் போனால் ஸ்டியரிங்கும் போகும். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே வகை டயர் இருக்க வேண்டும். இரட்டைச் சில்லில் இரண்டு டயரின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயர்ந்தது முழுப் பாரத்தையும் சுமந்து சூடேறும்.

மாற்றும் நாளில்

சில்லு மாற்றுவது சிறு வேலை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் லொறிகளின் சில்லுகள் ஓட்டத்தில் கழன்று போகும் விபத்துகள் குளிர்கால டயர் மாற்றும் பருவத்தை ஒட்டியே அதிகரிக்கின்றன. மாற்றி ஒரு மாதத்துக்குள் நடப்பவையே அதிகம், அதிலும் இடப் பக்கப் பின் சில்லே அதிகம் என்று அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சு கண்டறிந்துள்ளது. சில்லை அடிக்கடி மாற்றும் ஒழுங்கான நாட்டிலேயே இந்த நிலை.

எனவே ஹப்பின் முகத்திலும் ரிம்மின் முகத்திலும் உள்ள துருவையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். நட்டை எதிரெதிராக, படிப்படியாக இறுக்குங்கள். இறுதி இறுக்கத்தை டோர்க் ரென்ச்சால் செய்யுங்கள். பல ஜப்பான் கார்களுக்கு 100 முதல் 110 நியூட்டன் மீற்றர். உங்கள் வாகனத்துக்கு உரியதைக் கையேட்டில் பாருங்கள். காலால் ஏறி மிதித்து இறுக்குவது பலமல்ல, அது ஸ்டட்டை இழுத்துப் பலவீனப்படுத்தும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். ஹட்டனில் மாற்றினால் அவிசாவளையில் தேநீர் குடிக்க நிறுத்தும்போது பார்த்துவிடலாம்.

கழற்றியதை எங்கே வைப்பது?

மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் வேண்டாம். எண்ணெய் இறப்பரைத் தின்னும். வெயிலும், மோட்டார் இயங்கும் இடமும் ஆகாது. இருண்ட, உலர்ந்த அறை நல்லது. ரிம்மோடு உள்ள சில்லைப் படுக்க வைத்து அடுக்கலாம். ரிம் இல்லாத டயரை நிறுத்தி வைத்து மாதம் ஒரு தடவை சுற்றி விட வேண்டும். எது முன் இடம், எது பின் வலம் என்று சோக்கால் எழுதி வையுங்கள். கடையின் பின்னால் திறந்த வெளியில் குவித்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது தண்டனைக்குரிய குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்குத்தான்.

முடிவாக

நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் பனி டயர் தேவையில்லை. மழைக்குப் பொருந்தும், பாரத்துக்குப் பொருந்தும், வயது குறைந்த நல்ல சாதாரண டயரே தேவை. இரண்டாம் சில்லுத் தொகுதி, அதிகம் ஓடுபவருக்கும் இரு வேறு பாதையில் ஓடுபவருக்கும் முதலீடு. குறைவாக ஓடுபவருக்கு அது மூலையில் கிடந்து கிழடு தட்டும் சரக்கு. எந்த டயரைப் போட்டாலும் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கும் பழக்கத்தை அது ஈடு செய்யாது.

வாகனத்துக்கு ஒரு கொப்பி வையுங்கள். டயர் வாங்கிய திகதி, அதன் நான்கு இலக்கம், பூட்டியபோது இருந்த கிலோமீற்றர், மாதாந்தம் அளந்த பள்ளம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால் உங்கள் டயர் கிலோமீற்றருக்கு எவ்வளவு தின்கிறது என்பது தெரியும். அடுத்த தடவை டயர்க் கடையில் நிற்கும்போது விற்பவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.